மருமவன் கட்டுன பேட்டரி

வா மருமவனே, உக்காரு. பழைய லேப்டாப் பேட்டரியை உடைச்சு, உள்ள கிடந்த லித்தியம் செல்லையெல்லாம் நெருக்கி அடுக்கி, சைக்கிளுக்கு மோட்டார் வைக்கப் போறியாமே. தொழுவுலதான் சார்ஜும் ஏறுதாம். நல்ல இடம் பாத்தே. மேல ஓலை, கீழ பசு.

சூடு பாத்தியான்னா, "தொட்டுப் பாத்தேன் மாமா, வெதுவெதுன்னுதான் இருக்கு"ங்கே. எதைத் தொட்டே? ஓரத்துச் செல்லைத்தான? ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டவனும் வெளிய தடவிப் பாத்துட்டு நிம்மதியாப் போய்ப் படுப்பான். நடுவுல கையை விட்டாத்தான தெரியும், என்னமாப் புழுங்குதுன்னு. நடுச்செல்லுக்குச் சுத்திச் சூடு குடுக்கத்தான் ஆளிருக்கு, வாங்கிக்க ஆளில்ல. சென்சாரை அங்கன ஒட்டணும்டே.

கரண்டு ரெட்டிப்பா இழுத்தா சூடு நாலு மடங்குன்னு நீதான படிச்சே? மேடு ஏறையில முறுக்குவியே, அப்ப அது ஞாவகத்துல இருக்கட்டும். பேட்டரியை நீள, அகல, உயரம் எல்லாத்துலயும் ரெட்டிப்பாக்குனா, சூடு பொறக்குத சரக்கு எட்டு மடங்கு. அந்தச் சூடு வெளியேறுத தோலு நாலு மடங்குதான்.

சார்ஜ் ஏறையில 45 டிகிரி தாண்டப்படாது, செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல போவப்படாதுன்னு கம்பெனிக்காரன் எழுதியே குடுத்திருக்கான். அவன் என்ன கிறுக்கனா? 100 டிகிரியை நெருங்குச்சுன்னா செல்லு தன்னால சூடேற ஆரம்பிச்சிரும். 130 வாக்குல செல்லுக்குள்ள நடுவுல இருக்க பிளாஸ்டிக் தாளு உருகிரும். அப்புறம் சுவிட்சை அணைச்சு என்ன, மண்ணை அள்ளிக் கொட்டி என்ன? எரியுததுக்கு வேண்டிய ஆக்சிஜனையும் அதுவே கொஞ்சம் கக்கும். தண்ணியை நிறைய அடிச்சுக் குளுர வைக்கணும். புகை வெசம், வேடிக்கை பாக்காம ஓடிரு.

"பக்கத்துலயே நிக்கேன், சூடேறுனா பிடுங்கிருவேன்"ங்கியா? 1955ல அமெரிக்கா ஐடஹோவுல, இ.பி.ஆர்-1ன்னு ஒரு சோதனை அணு உலை. குளுர வைக்குத திரவத்தை வேணும்னே நிறுத்திட்டுச் சோதிச்சாங்க. சட்டுனு நிறுத்துத பொத்தானை அமுக்க வேண்டிய ஆளு, மெதுவா நிறுத்துததை அமுக்கிட்டாரு. ரெண்டொரு விநாடிதான் தாமசம். உலையோட நடுப்பகுதி பாதிக்குப் பக்கமா உருகிப் போச்சு. அவங்க எல்லாம் படிச்சுப் பட்டம் வாங்குனவங்க. நீ அரியர் வச்சிருக்கே.

கரண்டைத் தானா அறுத்து விடுத பி.எம்.எஸ். போர்டு எங்கன்னா காசில்லங்கே. வீலுக்குச் சுத்துன கலர் லைட்டுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு? அதை வித்துப் போர்டு வாங்கு. வாங்க ஆளில்லன்னா எங்கிட்டக் குடு, பாதி விலைக்கு எடுத்துக்கிடுதேன். கோயில் கொடைக்கு ஆவும்.