வார்னிஷ் அடித்த பழமை

மருமகன்: மாமா, மெதுவா வாங்க. இது கடை இல்ல, ஒரு அனுபவம்.

மாமா: அதான் பார்க்கிறேன். அனுபவத்துல நாலே நாலு ஜீன்ஸ்தான் தொங்குது. மத்ததெல்லாம் வித்துப்போச்சா?

மருமகன்: வெற்றிடம் மாமா! டிசைன்ல அதுதான் உயிர். அந்தச் சுவரைப் பாருங்க, காரை உதிர்ந்து செங்கல் தெரியுது. அதுக்கு ஒரு கதை இருக்கு.

மாமா: கொத்தனாருக்கே சுவர் கதையா? உதிரல மாப்ள, உளி வச்சுக் கொத்தியிருக்கான். மேல வார்னிஷ் வேற. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடணும். இப்படி மூடினா உள்ளே இருக்கிற ஈரம் போக வழியில்லாம, உப்புப் பூத்து செங்கல்லையே அரிச்சுடும். நாங்க பூசினதை உரிச்சுப் பழசாக்கி, அந்தப் பழசு கலையாம இருக்கப் புதுசா ஒரு பூச்சு! கதை எத்தனை வெள்ளி?

மருமகன்: ஜீன்ஸ் 890 வெள்ளி.

மாமா: நான் கதையைக் கேட்டேன்.

மருமகன்: ரெண்டும் சேர்த்துதான். இது செல்வெட்ஜ் மாமா. பழைய ஷட்டில் தறியில நெய்தது. காலை மடிச்சா ஓரத்துல சிவப்பு நூல் தெரியும்.

மாமா: கரை. எங்கப்பா வேட்டியிலயும் இருந்துச்சு. அதை மடிச்சுக் காட்ட அவருக்குத் தெரியல, பாவம்.

மருமகன்: வாங்கினா ஆறு மாசம் துவைக்கவே கூடாது. துவைச்சா துணியில இருக்கிற கதை போயிடும்.

மாமா: இதே பினாங்குத் தீவுல டோபி காட் இருக்கு. நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா ஆத்தங்கரையில ஊரார் துணியை அடிச்சுத் துவைச்ச இடம். எத்தனை பேர் கதையை ஆத்தோட விட்டாங்களோ!

மருமகன்: கிண்டல் பண்ணாதீங்க. இந்த ரிவெட் இருக்கே, 1873ல அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினது. பாக்கெட் கிழியுதுன்னு கூலிக்காரங்க புலம்பினதால, ஜேக்கப் டேவிஸ்னு ஒரு தையல்காரர் யோசிச்சது.

மாமா: தையல்காரரா? இந்த வாசல் அஞ்சடி நடைபாதையிலயும் ஒருத்தர் மெஷின் போட்டிருந்தாரு. ஜீன்ஸ் கால் வெட்டித் தைக்க ரெண்டு வெள்ளி. கதை இலவசம், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டாரு.

மருமகன்: அருமை! இப்ப எங்கே இருக்காரு?

மாமா: ஆள் தெரியாது. மெஷினோட கால் மட்டும் அதோ, வாசனை மெழுகுவத்திக்கு மேசையா நிக்குது.

மருமகன்: பழமையைக் காப்பாத்துறாங்கன்னு நினைச்சுக்குங்களேன். 2008லயே யுனெஸ்கோ இந்த ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரம்னு அறிவிச்சாச்சு.

மாமா: அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு இந்தக் கதையில வருமா? 1948க்கு முன்னாடி கட்டின வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்துச்சு, 1966 சட்டம். 2000 சனவரி 1 விடிஞ்சப்போ அது இல்ல. கட்டுப்பாடு இருந்த வரைக்கும் வீட்டுக்காரன் ஒரு ஓடு மாத்தல, அதையும் சொல்லிடுறேன். ஆனா போனதும் வாடகை எங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போச்சு. தையல்காரர், பூக்கட்டுறவங்க, மேல்மாடியில ஒண்டியிருந்த கிழங்கட்டைங்க, எல்லாரும் மூட்டை கட்டினாங்க. நான் ஏன் பாலம் தாண்டிப் பிறையில ஃப்ளாட்ல கிடக்கேன்னு நேத்து கேட்டியே? சன்னலைக் காப்பாத்தினான், ஓட்டைக் காப்பாத்தினான், சைன்போர்டுல இருக்கிற துருவைக்கூடக் காப்பாத்தினான். உள்ளே குடியிருந்த மனுஷனுக்கு ஒரு நாதியில்ல! அவன் பாரம்பரியம் இல்லியாம், வெறும் வாடகை பாக்கியாம்!

மருமகன்: மெதுவா மாமா, எல்லாரும் பார்க்கிறாங்க.

மாமா: பார்க்கட்டும். அனுபவம்தானே.

மருமகன்: அந்தக் கடைப் பொண்ணு உங்களைப் பத்திதான் கேக்குது. இந்தச் சுவர் பக்கத்துல நீங்க அசலா இருக்கீங்களாம். ஒரு ஜீன்ஸைத் தோள்ல போட்டு நின்னா, கடை விளம்பரத்துக்கு ஒரு படம் எடுத்துக்குவாங்களாம்.

மாமா: வேட்டியோடவா?

மருமகன்: வேட்டியோடதான். கசங்கலை நீவிவிட வேணாமாம்.

மாமா: தாராளமா எடுக்கட்டும். நான் 1948க்கு முன்னாடி கட்டினது. நிக்கிறதுக்கு வாடகை உண்டுன்னு சொல்லு. எவ்வளவுன்னு கேட்டா, 2000த்துக்கு அப்புறம் கட்டுப்பாடு கிடையாதுன்னு சொல்லிடு.