ஒற்றைப் பைச் சந்நியாசி

பிரயாணிகளில் பல ரகம் உண்டு. வீட்டையே பெயர்த்தெடுத்துக்கொண்டு புறப்படுகிற ரகத்தினரால் சுமைகூலிக்காரருக்கு லாபமே தவிர, உடன் வருகிறவர்களுக்குப் பெரிய உபத்திரவம் ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது, பெட்டியைத் துறந்துவிட்டுச் சித்தாந்தத்தைச் சுமந்துகொண்டு வருகிறவரைப் பற்றி. தோளில் ஒரு சிறு பை; அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கால்சராய்; மற்றவையெல்லாம் 'அணிகலன்' என்று அவர் கௌரவமாக அழைக்கிற நாலைந்து உருப்படிகள். ஒரு பொருள் குறைந்தபட்சம் மூன்று காரியங்களுக்காவது உதவவில்லையானால், அதற்குத் தம் பையில் பிரவேசம் கிடையாது என்பது அவர் வகுத்த சட்டம்.

அவருடைய இடுப்பு வாருக்கு ஒரு புறம் கறுப்பு, மறு புறம் பழுப்பு. திருப்பிப் போட்டால் வேறு மனிதர். ஆனால் அந்தப் பையின் மூலவிக்கிரகம் சாம்பல் நிறச் சால்வைதான். கழுத்தில் சுற்றினால் நாகரிகம், போர்த்தினால் கம்பளி, விரித்தால் பாய், மடித்தால் தலையணை, தலைக்கு மேல் பிடித்தால் குடை, கோயில் வாசலில் இடுப்பில் கட்டினால் பக்தி என்று அதன் மகிமையை அவர் வியாக்கியானம் செய்யத் தொடங்கினால், கேட்கிறவருக்குத் தம் சொந்தப் பெட்டியின் மேல் ஒரு வெறுப்பே உண்டாகிவிடும். இந்தச் சட்டம் மனைவிக்கும் உண்டு. எந்தப் புடவைக்கும் பொருந்தும் என்று ஒரு ஜோடி முத்துத் தோட்டை மட்டும் அனுமதித்தார். அந்த அம்மாள் தம் ஜிமிக்கியை மருந்துப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தது ஊர் திரும்பும்வரை அவருக்குத் தெரியாது.

இத்தகைய உத்தமர் ஒருவருடன் கொல்லிமலைக்குப் போகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பதைத் தமிழ்நாட்டில் பஸ் ஏறிய எவரும் அறிவர். சுமை குறைந்தவனுக்கு மலைப்பாதையில் வயிறு புரளாது என்பது அவருடைய அபிப்பிராயம். பாதி வளைவுகள் கழிவதற்குள் அந்த அபிப்பிராயம் முகத்தில் வெளிறத் தொடங்கியது; பெரிய பையோடு வந்த பின்ஸீட்டு அம்மாளிடம் ஓர் எலுமிச்சம்பழமும், அதற்கடுத்த வளைவிலேயே ஒரு பிளாஸ்டிக் உறையும் வாங்கிக்கொண்டார். சால்வையின் எண்ணற்ற பயன்களில் அது ஒன்று மட்டும் சேரவில்லை போலும்.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் கண்டதும் அவருக்குத் தெம்பு திரும்பிற்று. ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பு என ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடிய அந்தக் கொல்லித் தலைவன் தம் கட்சியைச் சேர்ந்தவன் என்றார் அவர். "பார்த்தீர்களா, ஒரு அம்பு, ஐந்து காரியம்!" ஐந்து விலங்குகளும் அன்று ஒரே நேர்கோட்டில் நின்று ஒத்துழைத்தன என்பதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

நாங்கள் தங்கிய இடம், இம்மலையின் 14 நாடுகளில் ஒன்றான பெரக்கரை நாட்டில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, நண்பர் ஒருவருடைய தோட்டத்து வீடு. மாலையில் மழை பிடித்தது. சால்வை குடையாயிற்று. வீடு வந்ததும் ஈரத்தலையைத் துவட்டத் துண்டு வேண்டியிருந்தது. துண்டோ அப்பொழுதுதான் குடையாக இருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக் குளிர் கம்பளியைக் கேட்டது. தரை பாயைக் கேட்டது. கழுத்து தலையணையைக் கேட்டது. அத்தனையும் கொடியில் ஒரே துணியாகத் தொங்கின. பல வேலை தெரிந்த ஆள் ஒருவனை வைத்துக்கொண்டு பந்தி, சமையல், வரவேற்பு மூன்றையும் ஒரே முகூர்த்தத்தில் நடத்தப் புகுந்த கல்யாண வீட்டாரின் திகைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. இரவில் என் போர்வையும், நண்பர் வீட்டுப் பாயும், மனைவியின் மடித்த புடவையும் அவருக்குச் சேவை புரிந்தன.

காலையில், மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் சாக்கை மடித்துக் கொங்காடையாகத் தலையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். நம்மவர் உற்சாகமாய், "இவரைப் பாருங்கள்! ஒரே துண்டில் ஆயுளையே கழிக்கிறார்" என்று பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

பெரியவர் கொங்காடையைக் கழற்றி உதறினார். அடியில் தலைப்பாகையாக ஒரு துண்டு; தோளில் இன்னொரு துண்டு; கக்கத்தில் குடை.

"ஒண்ணு நனைஞ்சா இன்னொண்ணு வேணுமில்லீங்களா, சார்?" என்றார்.

அந்தப் பதிலை நம்மவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தோன்றவில்லை. சித்தாந்திகளுக்குக் காது ஓர் அணிகலன் மாத்திரம்தான்.

திரும்பும் வழியில் சோளக்காட்டுச் சந்தையில் இறங்கினோம். அங்கே அவருக்குத் திடீரென்று தாராளம் பிறந்தது: அன்னாசி இரண்டு, மலைவாழை ஒரு சீப்பு, மிளகு அரைக் கிலோ, அலுவலக நண்பர்களுக்கென்று முழுசாக ஒரு பலாப்பழம். எல்லாவற்றையும் என் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, இன்னும் ஈரம் உலராத சால்வையைக் கழுத்தில் நேர்த்தியாகச் சுற்றியபடி, "உங்களிடம்தான் பெரிய பெட்டி இருக்கிறதே?" என்றார்.