வரி முன்னே, குழாய் பின்னே

அனுப்புநர்: விரைவில் தங்கள் மாநகரின் கடைசி வார்டாகப் போகும் ஊராட்சியின் மக்கள்.
பெறுநர்: மாநகராட்சி ஆணையர் அவர்கள்.
பொருள்: எங்களை நகரவாசிகள் ஆக்குவதற்கு நன்றி சொல்லுதல், செலவுக் கணக்குக் கேட்டல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் ஊராட்சியை மாநகராட்சியுடன் இணைக்கும் அறிவிப்பைக் கண்டோம். மகிழ்ச்சியில் கால் தரையில் படவில்லை. தெருவெல்லாம் சேறு என்பதால் படாமல் இருப்பதே நல்லதும்கூட.

இணைப்பு வேண்டாம் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டோம். அதற்கு அரசு கண்ட தீர்வு அபாரம்: இணைந்த பிறகு கிராம சபையே கிடையாது.

நூறு நாள் வேலை என்று நாங்கள் அழைக்கும் ஊரக வேலை உறுதித் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டும்தான். எல்லைக்கோடு நகர்ந்த அன்றே எங்கள் பெண்களின் வறுமை ஒழிந்துவிடும் என்பது எந்தப் பொருளாதார மேதைக்கும் தோன்றாத வழி. ஏரிக்கரையில் மண் சுமந்து வாங்கிய கூலி நிற்கும். அரையாண்டு தவறாமல் சொத்து வரி வரும். காலிமனை வைத்திருப்பவருக்கு அந்த வரி தனி.

இப்படி ஊர்களை இணைப்பதற்கு முன்னோடி சென்னை. 2011இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பத்தாண்டு கடந்த பிறகும் சேர்ந்த பகுதிகள் பலவற்றில் தண்ணீர் லாரியில் வந்தது, கழிவுநீர் லாரியில் போனது. நகரமாவது என்றால் இரண்டு லாரிகளுக்கும் வாடகை கொடுப்பது என்று அங்கே கற்றுக்கொண்டார்கள்.

காசு கொடுக்க அழுகிறோம் என்று நினைக்க வேண்டாம். சென்னையோடு சேரும் முன் ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த காலத்தில், மக்கள் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டிப் பாதாளச் சாக்கடை கொண்டுவந்தார்கள். எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டினார்கள்.

எங்கள் வயல்களை மனையாக்கியவர்களையும் மறக்க வேண்டாம். 'மாநகராட்சி எல்லைக்குள் வரப்போகிறது' என்று சொல்லியே விலையேற்றி விற்றுவிட்டு, அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். லாபம் அவர்களோடு போயிற்று. வடிகால் செலவு எங்கள் தலையில் விடிகிறது.

எனவே பணிந்து கேட்பவை:

1. இங்குள்ள மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் தந்தபோது வாங்கிய வளர்ச்சிக் கட்டணத்தை இங்கேயே செலவிடுங்கள்.

2. குடிநீர், வடிகால், தெருவிளக்கு ஒவ்வொன்றும் எந்த ஆண்டு வரும் என்று எழுதித் தாருங்கள். வந்தவற்றுக்கு மட்டும் நகர வரி. வரும்வரை பழைய வீட்டு வரி.

3. நூறு நாள் வேலை இழப்பவர்களுக்கு மாற்று வேலையை இணைப்பு ஆணையிலேயே சேருங்கள்.

இவை முடியாதென்றால் எங்களை ஊராட்சியாகவே விட்டுவிடுங்கள். சேவை தராமல் வாங்கும் வரிக்கு எங்கள் ஊரில் தண்டம் என்று பெயர்.

இப்படிக்கு,
இன்றுவரை கிராமத்தார்