எட்டாவது வார்டு மகாத்மா

ஓட்டு எண்ணுவதற்கு முன்பே வெற்றி விழாவை முடித்துவிட்ட புண்ணிய ஸ்தலம் அமெரிக்காவில் இருக்கிறது. பெயர் பாஸ்டன். ஆண்டு 1898 என்று சொல்கிறார்கள். தேர்தலுக்கு முதல் நாள் ராத்திரி, லாக்-ஓபர் என்ற பெரிய மனுஷர்களின் உணவகத்தில் வேட்பாளரின் ஆட்கள் கூடினார்கள். "தலைவர் ஜெயித்த சந்தோஷத்துக்கு இதுவரை யாரும் குடிக்காத சரக்கு ஒன்று போடு" என்று பார்க்காரரிடம் கேட்டார்கள். 'ஜெயித்த' என்று இறந்தகாலத்தில் கேட்டதுதான் விசேஷம். பார்க்காரர் இலக்கணம் பார்க்கவில்லை. ரை விஸ்கியை ஊற்றினார், எலுமிச்சை பிழிந்தார், ஆரஞ்சு பிழிந்தார், மாதுளை சிரப் விட்டார், ஐஸ் போட்டுக் குலுக்கினார். தலைவரின் கோட்டையான எட்டாவது வார்டின் நினைவாக 'வார்டு எயிட்' என்று பெயர் சூட்டினார்கள்.

தலைவர் பெயர் மார்ட்டின் லோமஸ்னி. பிறந்தது 1859. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளை, சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். ஊருக்குத் தெருவிளக்கு ஏற்றும் வேலையில் இருந்தார். விளக்கு ஏற்றப் போகிறவனுக்கு எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்பது தெரியாமலா போகும்? 1885-ல் ஹெண்ட்ரிக்ஸ் கிளப் என்று ஒரு மன்றத்தைத் திறந்து உட்கார்ந்தார். வேலை இல்லாதவனுக்கு வேலை, வாடகை கட்டாதவனுக்கு வாடகை, ஜெயிலில் இருப்பவனுக்கு ஜாமீன் என்று கேட்டவருக்குக் கேட்டது கிடைத்தது. பத்திரிகையாளர் லிங்கன் ஸ்டெஃபன்ஸிடம் அவரே தன் தத்துவத்தைச் சொல்லியிருக்கிறார்: ஜனங்களுக்குச் சட்டமும் வேண்டாம், நியாயமும் வேண்டாம், தப்பே செய்திருந்தாலும் ஓடி வந்து உதவி கேட்க வார்டுக்கு ஓர் ஆள் வேண்டும். இப்படிப்பட்டவர் நிற்கிற வார்டில் ஓட்டு எண்ணுவதே ஒரு சம்பிரதாயம்தான். அதற்காகப் பார்க்காரரைக் காக்க வைப்பது அநாகரிகம்.

பாஸ்டன்காரர்கள் இவருக்கு வைத்த பட்டப்பெயர் 'மகாத்மா'. நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் பெயர். பட்டத்துக்கு ஏற்றபடி அவர் மதுவைத் தொடாதவர் என்றும் சொல்கிறார்கள். ஆக, குடிக்காத ஒரு தலைவரின் வெற்றியை, அவர் வெற்றி பெறுவதற்கு முன்பே, அவர் குடிக்க முடியாத ஒன்றைக் குடித்துக் கொண்டாடியிருக்கிறார்கள். அந்தக் காட்சியைக் கற்பனை செய்யாமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, உங்க பேர்ல ஒரு சரக்கு!"

"எம் பேர்லயா?"

"வார்டு பேர்லண்ணே. சட்டச் சிக்கல் வராது."

"வைடா அப்படி. வேணும்னா மாதுளம்பழத்த மட்டும் உரிச்சுக் குடு."

சரித்திரக்காரர்களுக்கு இந்தக் கதை முழுதாக இறங்கவில்லை. அந்தக் காலத்து அமெரிக்க பார்களில் மாதுளை சிரப்புக்கு அவ்வளவு புழக்கமே இல்லையே என்று இழுக்கிறார்கள். ஆதாரம் எங்கே என்று தேடினால் கிடைக்காததற்குத் தலைவரே காரணமாக இருக்கலாம். பேச முடிந்தால் எழுதாதே, தலையாட்ட முடிந்தால் பேசாதே, கண்ணடிக்க முடிந்தால் தலையாட்டாதே என்பது அவர் பெயரில் வழங்கும் பொன்மொழி. அவருடைய ஆட்கள் கலவை அளவை மட்டும் கல்வெட்டிலா பொறிப்பார்கள்?

அடுத்த சோதனை 1920 ஜனவரி 17. நாடு முழுக்க மதுவிலக்கு. பார்கள் மூடின, வீடுகள் திறந்தன. டாக்டர் சீட்டு இருந்தால் பத்து நாளைக்கு ஒரு பைண்ட் விஸ்கி மருந்துக் கடையிலேயே கிடைத்தது. தேசம் திடீரென்று சீக்கில் விழுந்தது. சீட்டு வாங்க வழியில்லாதவர்களுக்குக் கள்ளச் சரக்கு. அதன் நாற்றத்தை மறைக்கத்தான் ஆரஞ்சும் எலுமிச்சையும் சிரப்பும் வீட்டுச் சமையலறையில் அணிவகுத்தன. கொண்டாட்டத்துக்குப் போட்ட பழம், தடயத்தை அழிக்கிற வேலைக்கு வந்தது. ஒழுக்கம் வளர்க்கக் கொண்டுவந்த சட்டம், வெள்ளையாடை உடுத்திய குடும்பஸ்தர்களைப் பழம் பிழிய வைத்தது.

லோமஸ்னி 1933 ஆகஸ்டில் கண்ணை மூடினார். டிசம்பர் 5-ல் மதுவிலக்கு போனது. அடுத்த வருஷம் நியூயார்க் சன் பத்திரிகையில் செல்மர் ஃபவுக்னர் என்பவர், வார்டு எயிட் செய்வது எப்படி என்று வாசகர்களைக் கேட்டார். நூற்றுக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொருவரும் தன்னுடையதுதான் அசல் என்றார். வாக்காளரை விட வாக்கு அதிகம் விழுந்தால் எப்படியிருக்கும் என்று பாஸ்டன் கற்றுக்கொடுத்தது வீண் போகவில்லை.

அத்தனை அசல்களில் இன்று பெரும்பாலும் செல்லுபடியாவது இது: ரை விஸ்கி 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 15, ஆரஞ்சுச் சாறு 15, மாதுளை சிரப் இரண்டு தேக்கரண்டி. கடையில் விற்கும் சிவப்புச் சாயத்தைச் சிரப் என்று நம்பாதீர்கள். மாதுளைச் சாறும் சர்க்கரையும் சம அளவில் எடுத்து, கொதிக்க விடாமல், சர்க்கரை கரையும் வரை சூடாக்கி ஆற வைத்தால் போதும். ரை கிடைக்காவிட்டால் போர்பன் விஸ்கி. அது ஏற்கெனவே இனிப்பு, ஆகவே சிரப்பை ஒரு தேக்கரண்டியாகக் குறையுங்கள். பாஸ்டனில் பிழிவது மஞ்சள் லெமன். நம் ஊர் எலுமிச்சை அதைவிடக் காரமான ஆள், 10 மில்லியோடு நிறுத்துங்கள். ஆரஞ்சை அப்போதே பிழியுங்கள், டப்பாச் சாறு சர்க்கரையைக் கொட்டிக் காரியத்தைக் கெடுக்கும். மூடியுள்ள பாத்திரத்தில் நிறைய ஐஸ் போட்டு, வெளிப்பக்கம் பனி பூக்கும் வரை குலுக்கி, வடிகட்டி ஊற்றுங்கள்.

குடிக்காதவர்கள் விஸ்கியை விட்டுவிட்டு அதே சாறுகளில் சோடா ஊற்றிக்கொள்ளலாம். மகாத்மா கையால் தொட்டிருக்கக்கூடிய ஒரே வார்டு எயிட் அதுதான். வேட்பாளரே இல்லாத அந்த கிளாஸுக்கு 'நோட்டா' என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.