பேரல் கோணலா, தோள் கோணலா?

கேள்வி: என்.சி.சி. கேம்பில் ஐந்து ரவுண்டு சுட்டேன். ஐந்தும் திசைக்கொன்றாகப் போய்விட்டன. "ரைஃபிளில் ஹெட்ஸ்பேஸ் சரியில்லை" என்கிறான் நண்பன். நிஜமா?
(மாணவர், இடையஞ்சாவடி)

பதில்: அந்த நண்பனைக் கைவிட்டுவிடாதீர்கள். ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல் என்பதை இவ்வளவு டெக்னிக்கலாகச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது.

கேம்பில் நீங்கள் சுட்ட பாயின்ட் டூ டூ தோட்டாவின் அடியில் சுற்றிலும் மெல்லிய விளிம்பு இருக்கும். பெரிய தோட்டாக்களுக்குப் பற்றவைக்கும் மருந்து அடியின் நடுவில் இருக்கிறது. இதற்கு அந்த விளிம்புக்குள்ளேயே. விளிம்பு பேரலின் பின்வாயில் உட்காரும், போல்ட் வந்து மூடிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே விளிம்புக்கென்று விட்ட இடம்தான் ஹெட்ஸ்பேஸ். அதன் அளவு 0.043 அங்குலத்தில் தொடங்குகிறது. ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சம் கொசுறும். போல்ட்டின் ஊசி விளிம்பை பேரலோடு வைத்து நசுக்கினால்தான் மருந்து பற்றும். இடம் கூடிப்போனால் ஊசி அடிக்கும் வேகத்தில் ஒரு பங்கு தோட்டாவை முன்னே தள்ளுவதிலேயே வீணாகிவிடும். மருந்து ஒரு தடவை முழுசாகப் பற்றும், அடுத்த தடவை அரைகுறையாக. குண்டின் வேகம் மாறும். வேகமாகப் போனது மேலே, சோம்பியது கீழே.

ஆக, ஹெட்ஸ்பேஸ் கெட்டால் குரூப் (குண்டுகள் துளைத்த இடங்களின் கூட்டம்) பெரும்பாலும் மேலும் கீழுமாகத்தான் நீளும். உங்களுடையதோ நாலா பக்கமும் ஊர் சுற்றியிருக்கிறது. இன்னொரு கணக்கும் சொல்கிறேன். நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் போகவேண்டிய குண்டு 10 மீட்டர் குறைந்து போனால், 50 மீட்டர் தூரத்தில் சுமார் 7 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கும். உங்கள் கேம்பின் 25 கஜத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்தான். மிச்சத்துக்கு மூச்சையும் தோளையும் ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்த விரலையும் விசாரியுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் இந்த ஹெட்ஸ்பேஸைப் பற்றி யார்தான் கவலைப்படுவது?

பதில்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் த்ரீ பொசிஷனில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே மாதிரி ஆட்கள். அந்தப் பலகையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீட்டர். மேலே சொன்ன 7 மில்லிமீட்டர் அங்கே கிட்டத்தட்ட ஒரு பாயின்ட்! 2012 லண்டனில் ஜாய்தீப் கர்மாகர் 50 மீட்டர் ப்ரோனில் (படுத்துச் சுடும் போட்டியில்) நான்காவதாக வந்தார். நான்காவதுக்குப் பதக்கம் கிடையாது.

கேள்வி: பேரலை மாட்டுவதில் என்ன பெரிய வித்தை?

பதில்: சில ரைஃபிள்களில் மரை போட்டு முடுக்குவார்கள், சிலவற்றில் அழுத்திச் செருகி பின் அடிப்பார்கள். எதுவானாலும் அசையக்கூடாது. அசைந்தால் ஒவ்வொரு வெடிக்கும் பேரல் இடம் மாறி உட்காரும். ஒரே குறி வைத்து இரண்டு குரூப் விழும். பேரல் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதை ஒட்டித்தான் ஹெட்ஸ்பேஸும் அமையும். மாட்டுகிறவரின் கை சுத்தம் முக்கியம் என்பது இதனால்தான்.

கேள்வி: மரக்காணம் உப்பளக் காற்று துப்பாக்கியைக் கெடுக்குமா?

பதில்: சைக்கிள் செயினை விட்டதா, இதை விட? விளிம்பு உட்காருகிற பள்ளத்தில் துரு, கரி, மெழுகு, ஈயத்தூள் எல்லாம் சேர்ந்தால் போல்ட் முழுசாக மூடாது. நல்ல ரைஃபிளுக்கே ஹெட்ஸ்பேஸ் கெட்ட மாதிரி தெரியும். சுட்ட அன்றே துடைத்து லேசாக எண்ணெய் போடச் சொல்லுங்கள்; சுடுவதற்கு முன் தோட்டா உட்காரும் சேம்பரில் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. பாதி வியாதி இதிலேயே தீரும்.

கேள்வி: மாமாவிடம் லேத் பட்டறை இருக்கிறது. பேரலைக் கழற்றி அவரே சரிசெய்துவிடட்டுமா?

பதில்: மாமா மோட்டார் ஷாஃப்டோடு நிறுத்திக்கொள்ளட்டும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதே 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். சந்தேகம் இருந்தால் யூனிட் ஆர்மரரிடம் சொல்லுங்கள். அளந்து பார்க்க அவரிடம் கேஜ் இருக்கும்.