கடலுக்கு ஒரு ஒர்க் பர்மிட்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சேஃப்டி ஆபீசராக இருப்பவனுக்கு நண்பர்கள் குறைவு. ஹெல்மெட் போடு, பெல்ட்டை மாட்டு, அந்த சிலிண்டருக்குச் சங்கிலி போடு என்று நாள் முழுக்க நச்சரிக்கிறவனோடு உட்கார்ந்து டீ குடிக்க யாருக்குத்தான் பிடிக்கும்? அப்படிப்பட்ட நான், 200 பார் அழுத்தம் ஏற்றிய சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு நடுக்கடலில் குதிக்கப் போகிறேன் என்று கேன்டீனில் சொன்னதும், ரோலிங் மில் ஆட்கள் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "சார், அதுக்கு ஒர்க் பர்மிட் யார் போடுவாங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

நான் போக நினைப்பது லைவ்அபோர்டு. ஸ்கூபா டைவிங்குக்கென்றே கட்டிய படகு. நாலைந்து நாளோ ஒரு வாரமோ அதிலேயே தங்கி, சாப்பிட்டு, தூங்கி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கடலுக்குள் இறங்கி ஏறுவது. கரையிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியாத பாறைகளுக்கும் திட்டுகளுக்கும் ராத்திரியோடு ராத்திரியாகப் படகு நகர்ந்துவிடும். காலை ஏழு மணிவாக்கில் முதல் இறக்கம். அப்புறம் டிபன். அப்புறம் இறக்கம். சாப்பாடு, தூக்கம், மறுபடி இறக்கம். சில நாள் இருட்டின பிறகும் ஒன்று உண்டு. ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட் பார்த்துப் பழகினவனுக்கு இதில் புதுசாக ஒன்றுமில்லை, ஓவர்டைமுக்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர.

எங்கள் ஏரியாவில் சிலிண்டர் என்றால் ஆளாளுக்கு நிபுணர். கறுப்பு என்றால் ஆக்சிஜன், மெரூன் என்றால் அசிட்டிலின் என்று தூக்கத்திலும் சொல்வார்கள். "நீங்க கொண்டுபோறது ஆக்சிஜன்தானே சார்?" என்றான் ஒரு கேஸ் கட்டர். இல்லை, வெறும் காற்று. வடிகட்டி, ஈரம் எடுத்து, கம்ப்ரசரில் அடைத்த காற்று. சுத்த ஆக்சிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வந்துவிடக்கூடும். "அப்ப காத்துக்கா சார் இவ்ளோ காசு?" என்று கேட்டான். இன்றுவரை அவனுக்குப் பதில் சொல்லாமல் ஷெட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

அவனுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு கதை உண்டு. இந்த விளையாட்டே ஒரு கேஸ் கம்பெனிக்காரரின் கைவேலை. பெயர் எமில் காக்னான், பிரான்சின் ஏர் லிக்விட் கம்பெனி இன்ஜினியர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் கார்களை எரிவாயுவில் ஓட்டிய காலம். அந்த கார்களுக்காக அவர் செய்த வால்வைத்தான், கடற்படை அதிகாரியான ழாக் கூஸ்தோவும் அவரும் சேர்ந்து 1943 வாக்கில் மனிதன் தண்ணீருக்கடியில் மூச்சு விடுவதற்காக மாற்றினார்கள். கூஸ்தோ உலகப் புகழ் பெற்றார். வால்வு செய்தவரை யாருக்கும் தெரியாது. இதை மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட்டில் சொன்னபோது, யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் புரொடக்‌ஷன் ஆபீஸ் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்கள்.

பயிற்சிக்குச் சேரும் முன் ஒரு மருத்துவப் படிவம். ஆஸ்துமா உண்டா, காதில் பிரச்சினை உண்டா, வயது 45 தாண்டியதா என்று வரிசையாகக் கேள்விகள். அவற்றில் ஒன்றிரண்டில் நான் மாட்டிக்கொண்டதால் டாக்டர் கையெழுத்து தேவைப்பட்டது. எங்கள் ஆட்களுக்கு உயரத்தில் வேலை செய்ய ஹைட் பாஸ் தரும் டாக்டரிடமே போனேன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டார்.

"எவ்ளோ ஹைட்டு?"

"பதினெட்டு மீட்டர் சார்."

"சாரம் கட்டியிருக்கா?"

"இல்ல சார். கீழ."

பேனா நின்றது. "பேஸ்மென்ட்டா?"

கடல் என்று சொன்னேன். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, ஹைட் பாஸுக்கு வைப்பதைவிட ரொம்ப நேரம் முதுகில் வைத்துக் கேட்டார். மில் புகையை வருஷக்கணக்கில் குடித்த நுரையீரலில் அவருக்கு என்ன கேட்டதோ, கையெழுத்துப் போட்டுவிட்டு, "சளி புடிச்சிருந்தா எறங்கவே எறங்காதீங்க, காது போயிடும்" என்றார். டைவிங் புத்தகங்கள் நாலு பக்கத்தில் சொல்வதும் அதைத்தான்.

முதல் படியான ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு, நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். நான் நீந்தக் கற்றது திருவள்ளூர் பக்கத்தில் ஒரு பம்புசெட் கிணற்றில். அங்கே 200 மீட்டர் நேராக நீந்த வழியில்லை, வட்டமடிக்கத்தான் முடியும். நீச்சல் குளத்தில் என்னைப் பார்த்த பயிற்சியாளர், "ஏன் சார் இடது பக்கமாவே போறீங்க?" என்றார். இந்தச் சான்றிதழோடு 18 மீட்டர் வரை இறங்கலாம். அடுத்த படியான அட்வான்ஸ்டு முடித்தால் 30. லைவ்அபோர்டுகாரர்கள் பல பேர் இரண்டாவதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். மாலத்தீவு போன்ற நீரோட்டம் மிகுந்த இடங்களில் முப்பது, ஐம்பது முறை இறங்கிய கணக்கைக் காட்டு என்று கேட்கும் படகுகளும் உண்டு. டிரைவிங் லைசென்ஸ் எடுத்த மறுநாளே டிரெய்லர் லாரியை யாரும் கையில் கொடுப்பதில்லை அல்லவா?

சரி, எந்தக் கடல்? பழவேற்காடு எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் அந்தக் கலங்கல் தண்ணீரில் நீட்டிய கை தெரிந்தாலே பாக்கியம். அந்தமானுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பல் உண்டு என்று ஸ்டோர்ஸ் கிளார்க் ஞாபகப்படுத்தினார். நன்கௌரி, ஸ்வராஜ் த்வீப் என்ற பெயர்களில் கப்பல்கள் ஓடியிருக்கின்றன. சுமார் 1,200 கிலோமீட்டர், கிட்டத்தட்ட மூன்று நாள், பங்க் வகுப்பு இருப்பதிலேயே மலிவு. "தங்கறீங்க, சாப்புடுறீங்க, சுத்தியும் கடல். வேற என்ன சார் வேணும்?" என்றார். டைவிங் வேணும். அந்தக் கப்பலிலிருந்து குதித்தால் கப்பலைத் திருப்புவார்கள், பேப்பரில் போடுவார்கள்.

மாலத்தீவு ஆசை காட்டியது. விலைப் பட்டியலின் முதல் வரி நியாயமாகத்தான் இருந்தது. கீழே சின்ன எழுத்தில்தான் ஆட்டமே. பசுமை வரி ஒரு ராத்திரிக்கு 12 டாலர், ஜி.எஸ்.டி., வாடகைக் கருவிகள், படகு ஊழியர்களுக்கு டிப்ஸ், தனியாக வந்தால் கூடுதல் கட்டணம். மழைக்காலத்தில் விலை இறங்கும். மந்தா திருக்கைகள் கூட்டம் கூட்டமாக வரும் பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவுக்கு அதுதான் சீசன். அப்பாடா என்று பார்த்தால், அங்கே ஸ்கூபாவுக்கே தடை. சிலிண்டரைப் படகில் வைத்துவிட்டு மேலே மிதந்தபடிதான் பார்க்க வேண்டும். அதற்கு என் கிணற்று நீச்சலே போதுமே!

கடைசியில் கை நின்ற இடம் தாய்லாந்தின் சிமிலன் தீவுகள். காவ் லாக் ஊரிலிருந்து படகு. நாலு நாள் பயணம், சிக்கனப் படகில் எழுபது எண்பதாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. ரிச்சலியூ பாறை என்று ஒன்று உண்டாம், அதிர்ஷ்டம் இருந்தால் திமிங்கலச் சுறாவே வருமாம். முன்பின் தெரியாத ஒருவரோடு இரண்டு படுக்கை உள்ள கேபினைப் பகிர்ந்துகொண்டால்தான் அந்த விலை. குறட்டைக்குத் தள்ளுபடி கிடையாது. திரும்பும்போது கடைசி இறக்கத்துக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் கழிய வேண்டும், உடம்பில் தங்கிய நைட்ரஜன் வெளியேறுவதற்கு. ஆக, நைட்ரஜனுக்காக ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகையும் நான்தான் கட்ட வேண்டும்.

செலவைக் குறைக்க வழி கேட்டதுதான் தாமதம், சிப்காட்டே கிளம்பிவிட்டது. துடுப்பு ரப்பர்தானே, கிழிந்த கன்வேயர் பெல்ட்டில் வெட்டித் தருகிறேன் என்றார் ஃபிட்டர். இடுப்பில் கட்டும் ஈய எடையை வார்த்துத் தர ஒரு ஃபவுண்டரிக்காரர் முன்வந்தார், அதுவும் கம்பெனி பெயர் பொறித்து. ஈயம் படகிலேயே சும்மா தருவார்கள், விமானத்தில் ஏற்றினால்தான் காசு என்று விளக்கியும் அவருக்கு மனசு ஆறவில்லை. நான் சொந்தமாக வாங்கப் போவது முகத்துக்குப் பொருந்துகிற மாஸ்க் மட்டும். புது மாஸ்க்கின் கண்ணாடியை டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்து, குதிக்கும் முன் உள்ளே எச்சில் துப்பிக் கழுவினால் மங்காது. உலகம் முழுக்க அனுபவசாலிகளும் இதைத்தான் செய்கிறார்கள். இந்தப் பயணத்தில் முழுக்க இலவசம் அந்த எச்சில்தான். டைவ் கம்ப்யூட்டர் வாடகை என்று பட்டியலில் பார்த்த என் மனைவி, "கடலுக்குள்ள போயும் ஆபீஸ் வேலையா?" என்றாள். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று அது சொல்லும் என்றேன். "அதை நானே சொல்லுவேனே" என்றாள்.

ஒரு இடத்தில் மட்டும் நான் பேரம் பேசவில்லை. 2019 செப்டம்பர் 2 அதிகாலையில், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் என்ற டைவிங் படகு தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். ராத்திரி ரோந்துக்கு ஆள் யாரும் விழித்திருக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அதைப் படித்த பிறகு, ஒவ்வொரு படகுக்காரருக்கும் ஒரே மாதிரிக் கேள்விகள் அனுப்பினேன். ராத்திரி விழித்திருப்பவர் யார்? கேபினிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே திறக்கிறது? கேமரா பேட்டரிகளை எங்கே சார்ஜ் போடுவீர்கள்? பக்கத்தில் ஆள் இருப்பாரா? நிறைய பேர் பதில் போட்டார்கள், சிலர் வரைபடத்தோடு. இருப்பதிலேயே மலிவான படகிலிருந்து வந்த பதில்: கவலைப்படாதீர்கள், எங்கள் கேப்டனுக்குத் தூக்கம் ரொம்ப லேசு. பட்டியலில் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். விபத்துக்கும் அழுத்த அறை சிகிச்சைக்கும் சேர்த்து டைவிங் இன்சூரன்ஸ் எடுப்பதிலும் கை வைக்கவில்லை.

இந்தப் பாதுகாப்பு வேலையில் எனக்கு முன்னோர்களும் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் வேலை. அவர் வராமல் குளிப்பவர்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள் என்பதால், வெள்ளைக்கார அரசே அவருக்கு இடம் கொடுத்து வைத்திருந்தது. மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத அதிகாரிகள்கூட அவரை நீக்கத் துணியவில்லை. நீக்கினால் வேலை நின்றுவிடும். கரையில் இருந்தபடி, எதிலும் இறங்காமல், எல்லாரும் பத்திரமாக ஏறியது தன்னால்தான் என்று பேர் வாங்குபவர். எங்கள் டிபார்ட்மென்ட்டின் சுவரில் அவர் படம் மாட்டியிருக்க வேண்டும்.

பணத்துக்கு கேன்டீன் ஏலச்சீட்டுதான் கதி. இருபது பேர், மாதம் ஐயாயிரம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. ஆரம்பத்திலேயே எடுத்தால் தள்ளு கால்பங்கு தின்றுவிடும், கடைசி வரை காத்திருந்தால் எனக்கு 50 ஆகிவிடும். வீட்டில் கணக்கு ரூபாயிலோ தாய்லாந்தின் பாத்திலோ நடப்பதில்லை, சவரனில்தான். மனைவி அவ்வப்போது பயணச் செலவைச் சவரனாக்கிப் பார்க்கிறாள். தங்கம் ஏறுகிற வேகத்தில் அது மாதா மாதம் குறைந்துகொண்டே வருகிறது. "இன்னும் கொஞ்சம் பொறுத்தீங்கன்னா அரை சவரன்ல முடிஞ்சிடும் போலிருக்கே" என்கிறாள். பொருளாதாரம் படித்தவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

எல்லாம் கூடி வந்த பிறகு, எப்போது போவது என்ற கேள்வியில் வண்டி நின்றது. சிமிலன் பூங்கா திறந்திருப்பது அக்டோபர் 15 முதல் மே 15 வரைதான். அக்டோபரில் ஆயுத பூஜை, போனஸ், தீபாவளி. அதில் எந்த ஆலையும் நகராது. நவம்பர், டிசம்பர் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரை இந்தப் பக்கம் யாரும் மறக்கமாட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மர் யார்டில் தண்ணீர் ஏறும்போது, சேஃப்டி ஆபீசர் தாய்லாந்தில் தண்ணீருக்குள் இருந்தார் என்று ரிப்போர்ட் எழுத முடியுமா? ஜனவரியில் பொங்கல், கூடவே சாலைப் பாதுகாப்பு மாதம். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம், அன்று ஆரம்பித்து ஒரு வாரம் ஊர்வலம், உறுதிமொழி, ஸ்லோகன் போட்டி. 1966-இல் அன்றைக்குத்தான் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலைத் தொடங்கினார்கள். வேறு ஏதாவது மாதத்தில் தொடங்கியிருக்கக் கூடாதா? ஏப்ரல் 14 முதல் தீயணைப்புப் பணி வாரம். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டைகின் கப்பல் வெடித்த நாளின் நினைவு. மே முதல் வாரம் ஆலைக்கு வருடாந்திர ஷட்டவுன், பர்மிட் போட்டே கை ஓய்ந்துவிடும்.

மிச்சம் பிப்ரவரி. தண்ணீர் தெளிந்திருக்கும் காலம். அதனாலேயே உலகமே வரும், விலையும் உச்சியில் நிற்கும். சிக்கனத்துக்காக நான் பார்த்துவைத்த சீசன் கடைசி, சீசன் ஆரம்பம் எல்லாவற்றையும் என் உத்தியோகமே தின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் லீவ் ஃபார்மை எடுத்துக்கொண்டு பிளான்ட் மேனேஜர் அறைக்குப் போனேன். காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று எழுதியிருந்தேன். கேன்டீன் செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது.

"போன் எடுக்குமாய்யா அங்க?"

"தண்ணிக்குள்ள எடுக்காது சார்."

"மேல ஏறினப்புறம்?"

"படகு கரையை விட்டு ரொம்ப தூரம் போயிடும் சார். சிக்னலே இருக்காது."

"வாட்ஸ்அப்?"

"அதுவும் வராது சார்."

"எத்தனை நாளைக்கு?"

"நாலு நாள் சார்."

மேசை மேல் அவருடைய இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. ஒன்றைக் கவிழ்த்துவைத்தார். இன்னொன்றையும் கவிழ்த்துவைத்தார். பேனாவை மூடிவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த கேபின்ல இன்னொரு பெட் இருக்குன்னு சொன்னாங்களே, அதுக்கு ஆள் புக் ஆயிடுச்சா?"