கிளியராம்: வன்னித் தமிழில் ஓர் ஆங்கில வினைச்சொல்

ஆங்கில அகராதிக்காரருக்கு ஓய்வு கிடையாது. ‘ரன்’ என்ற மூன்றெழுத்து வினைக்கு மட்டும் ஒக்ஸ்போர்ட் அகராதியின் புதிய பதிப்புக்காக 645 பொருள் எண்ணி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னர் முடிசூடியிருந்தது ‘செற்’. 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு 430க்கு மேல். இந்த இரண்டு பெரும்புள்ளிகளின் சண்டைக்குள் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு சின்ன வினையை இக்கட்டுரை கையில் எடுக்கிறது. அது ‘கிளியர்’. ஒக்ஸ்போர்ட்டில் அதற்கு எத்தனை பொருள் என்பது நமக்குத் தேவையில்லை. ஓமந்தைக்கு அங்கால் அதற்கு என்ன பொருள் என்பதே ஆய்வு. களம்: வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு. தரவு திரட்டிய இடங்கள்: தேத்தண்ணிக்கடை, ரியூசன் கொட்டில், பஸ் தரிப்பிடம், பிரதேச செயலகத்து வாங்கு. மேற்பார்வையாளர் எவருமில்லை. ஆகையால் ஆய்வு குறித்த காலத்தில் முடிந்தது.

முதலில் பிறப்பு வளர்ப்பு. இலத்தீனில் ‘கிளாருஸ்’ என்று பிறந்து, பிரெஞ்சுக்காரர் வாயில் ‘கிளேர்’ ஆகி, 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல் இது. ‘கிளாருஸ்’ என்றால் துலக்கமானது, வெளிச்சமானது. அதற்கும் அடியில் ‘கூப்பிடுதல்’ என்ற வேர் இருப்பதாகச் சொற்பிறப்பு அறிஞர் பலர் கருதுகிறார்கள். அதாவது கண்ணுக்கு வருமுன் இது காதுக்குரிய சொல்லாக இருந்திருக்கிறது. ‘டிக்ளேர்’ இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கிளாரா அக்காமாரும் கோயில் திருவிழாவுக்குக் கிளாரினெற் வாசிக்க வருகிறவரும் இந்த முறையில் சொந்தக்காரர். அவர்களிடம் இதைச் சொல்லப்போய்ப் பயனில்லை.

நம்மவர் ஒரு சொல்லை இலத்தீனிடம் இலேசில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தமிழ் வேர்களைப் பிறமொழிகளோடு ஒப்பிட்டுச் ‘சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி’ தொடங்கிய நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947), துறவியாகுமுன் ரெயில்வே எழுதுவினைஞராக இருந்தவர். ‘லைன் கிளியர்’ என்ற தொடர் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. அகராதி முற்றுப்பெறவில்லை, ஆகவே அவர் வழியில் நாமே ஓரடி வைத்துப் பார்க்கலாம். தமிழில் ‘கிளத்தல்’ என்றால் எடுத்துச் சொல்லுதல். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலுக்கே ‘கிளவியாக்கம்’ என்று பெயர். அங்கே கூப்பிடுதல், இங்கே எடுத்துச் சொல்லுதல். கலாநிதிப் பட்டத்துக்குப் போதுமான ஒற்றுமை, உண்மைக்குப் போதாது.

தேத்தண்ணிக்கடைக் கொள்கை ஒன்றும் உண்டு. கிளிநொச்சியின் முதல் இரண்டு எழுத்தோடு ‘ஆர்’ விகுதி சேர்ந்து ‘கிளியார்’ ஆகி, வெள்ளைக்காரன் வாயில் குறுகிக் ‘கிளியர்’ ஆயிற்றாம். இதை ஏற்பதற்கில்லை. ‘ஆர்’ மரியாதை விகுதி. எங்கள் பக்கத்தில் அது கச்சேரியில் கதிரை வைத்திருப்பவருக்கே உரியது, பறவைகளுக்கு வழங்குவதில்லை.

இலக்கணம் சுருக்கமாக. தமிழ்ச் சொல்லின் தலையில் இரண்டு மெய் ஒன்றாக நிற்காது. அதனால் நடுவில் ஓர் இகரம் வாங்கிக்கொண்டு ‘கிளியர்’ தமிழ்க் குடியுரிமை பெற்றது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்ற நால்வகையில் இது திசைச்சொல். வந்த திசை தெற்கு, வந்த வழி ஏ9 வீதி.

இனிப் பொருள். ‘கிளீன்’ என்பதோடு இதைக் குழப்புகிறவர்கள் வெளியூர்க்காரர். வன்னியில் விளக்குமாறு எடுத்தால் கிளீன், பெக்கோ வந்தால் கிளியர். வளவைக் கிளீன் பண்ணினால் குப்பை போகும். கிளியர் பண்ணினால் பற்றையோடு சேர்த்துப் பக்கத்து வளவுக்காரரின் எல்லைக் கதியாலும் போகும், பிறகு இணக்க சபை வரைக்கும் போகும்.

காடு வெட்டின தலைமுறைக்கு இந்தச் சொல் தேவைப்படவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்து நெரிசலுக்கும் வேலையின்மைக்கும் மருந்தாக 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. இரணைமடுத் தண்ணியை நம்பிக் கோடாலியோடு வந்தவர்கள் ‘நாங்கள் காடு வெட்டினம்’ என்றார்கள். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் முழுசாக உள்ள வாக்கியம். எழுவாயைத் தயவுசெய்து மறக்க வேண்டாம். அது பின்னால் காணாமற் போகப்போகிறது.

ரெயில்வேயில் இந்தச் சொல்லுக்கு இருந்த ஒழுங்கு வேறெங்கும் இருந்ததில்லை. அடுத்த நிலைய அதிபர் லைன் கிளியர் கொடுத்தால்தான் இந்த நிலையத்தில் இருந்து கோச்சி வெளிக்கிடும். யார் கொடுத்தது, எத்தனை மணிக்குக் கொடுத்தது, எல்லாம் பதிவில் இருக்கும். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவிக்கு 1990இல் வவுனியாவுக்கு வடக்கே லைன் நின்றுபோனது. தண்டவாளமும் சிலீப்பர் கட்டையும் பங்கர் மூடப் போயின. மறுபடி கோச்சி கிளிநொச்சிக்கு வந்தது 2013 செப்ரெம்பரில், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்ரோபரில். ஒரு லைன் கிளியருக்கு 24 வருடம்.

இடைப்பட்ட காலத்தில்தான் சொல் தன் முழு வளர்ச்சியை அடைந்தது. கொழும்பு தன் சுற்றறிக்கைகளில் நாட்டை இரண்டாக வகுத்தது: ‘கிளியர் ஏரியா’, ‘அன்கிளியர் ஏரியா’. இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்தால் முன்னது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தால் பின்னது. வவுனியா பட்டினம் கிளியர். அதற்கு வடக்கே சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் அதே வெயில், அதே பாலை மரம், அதே சனம்; ஆனால் அன்கிளியர். கொஞ்ச நாளில் அடைமொழி நிலத்தை விட்டு ஆளில் ஏறிக்கொண்டது. அடையாள அட்டையில் புதுக்குடியிருப்பு என்று இருந்தால் அவர் அன்கிளியர் ஆள். சாமான்களுக்கும் இதே விதி. பெற்றோல், சீமெந்து, பற்றரி, பசளை ஆகியவை அன்கிளியருக்குள் இலகுவில் போகமுடியாதவை. ஆகையால் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் எடுத்து, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டும் கலை வளர்ந்தது. மோட்டார் சைக்கிள் வெண்புகை கக்கியபடி இருமும். ‘சத்தம் கிளியர் இல்லை’ என்று மெக்கானிக் சொன்னதை மட்டும் அரசியல் கலக்காத பயன்பாடாகக் கொள்ளலாம்.

ஏ9ஐக் கிளியர் பண்ணவென்று 1997 மே மாதத்தில் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ படை நடவடிக்கை, ஒன்றரை வருடத்துக்கு மேல் நடந்தும் றோட்டைத் திறக்காமலே கைவிடப்பட்டது. போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் 2002 ஏப்ரலில் பாதை திறந்தது. அதே 2002இல் கொழும்பில் வங்கிகளின் காசோலைகளைத் தீர்த்துவைக்கும் நிறுவனம் ஒன்று உருவானது. அதற்கு வைத்த பெயர் ‘லங்கா கிளியர்’. இலங்கையின் ஒரு பகுதி அரச கடதாசியிலேயே அன்கிளியராக இருந்த நேரத்தில் இப்படியொரு பெயர் வைக்க ஆழ்ந்த நகைச்சுவை வேண்டும், அல்லது அது அறவே இல்லாதிருக்க வேண்டும்.

2009இல் போர் முடிந்த பிறகு அன்கிளியர் ஏரியா என்ற வகை இல்லாமற் போனது. சொல் ஓய்வெடுக்கவில்லை. மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்த சனத்துக்கு ஊர் போக ‘மிதிவெடி கிளியரன்ஸ்’ வேண்டியிருந்தது. அது கிடைத்தபின், படையினர் வைத்திருந்த காணிக்கு வேறொரு கிளியர் தேவைப்பட்டது. பிரதேச செயலகத்து வாங்கில் அடிக்கடி கேட்கும் உரையாடலின் சாரம் இது:

“தம்பி, எங்கட காணி கிளியரோ?”

“மிதிவெடி கிளியர் அம்மா. விடுவிப்புத்தான் வரேல்ல.”

“அப்ப கிளியர் இல்லையோ?”

“கிளியர்தான் அம்மா. போகத்தான் ஏலாது.”

கேப்பாப்புலவு மக்கள் இந்தப் பொருள் வேறுபாட்டின் தேர்ந்த அறிஞர்கள். 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது அவர்களை இறக்கியது சொந்த ஊரில் அல்ல, சீனியாமோட்டையில் அமைத்த மாதிரிக் கிராமத்தில். அருகே பிலக்குடியிருப்புச் சனம் 2017 சனவரி இறுதியில் விமானப்படை முகாம் வாசலில் கொட்டில் போட்டுக் குந்தியது. மார்ச் 1ஆம் திகதி காணியை விட்டார்கள். அன்று அங்கே ‘கிளியர்’ என்ற சொல்லை எவரும் உச்சரித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ‘காணி விட்டிட்டாங்கள்’ என்பதே அந்தச் சமயத்துக்குரிய வழக்கு.

சில்லறைப் பொருள்களை விரைந்து கடக்கலாம். லீசிங் கிளியர் என்றால் ஓட்டோ இனி உங்களுடையது. கிழமைக்கட்டுக் கடன் கிளியர் என்றால் வேறொரு கொம்பனியில் புதுக்கடன் எடுத்தாயிற்று. வயிறு கிளியர் என்பது பரியாரியார் கேட்கும் கேள்வி, பதில் அச்சேறாது. ரியூசன் கொட்டிலில் கணக்கு வாத்தியார் பலகையைத் தட்டிக் ‘கிளியரோ?’ என்பார். நூறு தொண்டை ‘ஓம் சேர்!’ என்னும். பின்வாங்கில் ஒருவன் இன்னும் முதல் வரியைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருப்பான். கனடாவில் இருந்து தொலைபேசி எடுக்கும் மாமாதான் ‘கிளியராக் கேக்குதோ?’ என்பார், இங்கிருக்கும் மாமி ‘வடிவாக் கேக்குது’ என்பா. துலக்கத்துக்கும் அழகுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் பேச்சுத் தமிழுக்கு இலத்தீனிடம் கடன் வாங்கவேண்டிய கட்டாயம் இருந்ததா என்பது தனி ஆய்வுக்குரியது.

இப்போது இக்கட்டுரையின் கண்டுபிடிப்பு. இலக்கணகாரர் ‘கிளியர் பண்ணு’ என்பதைச் செய்வினை என்பார்கள், ‘கிளியர் ஆகு’ என்பதைத் தன்வினை என்பார்கள். வன்னியில் மிகுதியாக வழங்கும் வடிவம் இரண்டுமல்ல. அது ‘கிளியராம்’. றோட்டு கிளியராம். காணி கிளியராம். பேர் கிளியராம். இந்த ‘ஆம்’ சொன்னவரைக் காட்டாது, செய்தவரையும் காட்டாது. காதில் விழுந்ததை மட்டும் கடத்தும். கிளியர் பண்ணியவர் வேறெங்கோ இருக்கிறார், அறிவித்தவர் அவருக்கும் அப்பால் இருக்கிறார், சனம் அதைச் சந்தியில் கேட்டு ‘ஆம்’ போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறது. இதற்கு ‘செவிவழி வினை’ என்று பெயரிடுகிறேன். ‘நாங்கள் காடு வெட்டினம்’ என்பதன் எழுவாய் இங்கேதான் தொலைந்தது.

விதிக்கு ஒரு விலக்கு. முகமாலையிலும் அதுபோன்ற வெளிகளிலும் முகக்கவசம் போட்டு, முழங்காலில் இருந்து, நெடுங்கைப்பிடி வாருகோலால் மண்ணை விரல் விரலாக வாரும் பெண்கள் இருக்கிறார்கள். சிவப்புத் தடிக்கு அந்தப் பக்கம் ஆபத்து, வெள்ளைத் தடிக்கு இந்தப் பக்கம் பார்த்து முடித்த நிலம். வெயில் ஏற ஏறக் கவசத்துக்குள் வியர்வை கண்ணாடியை மறைக்கும். அப்போது கை நிற்க வேண்டும். கணவனைப் போரில் பறிகொடுத்தவர்களும் தனியே பிள்ளை வளர்ப்பவர்களும் அவர்களில் உண்டு. பின்னேரம் வானில் வீடு திரும்பும்போது ‘இண்டைக்கு நான் இவ்வளவு கிளியர் பண்ணினன்’ என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். வன்னி நிலத்தைப் பற்றி இந்த வினையைத் தன்மை ஒருமையில் பயன்படுத்த உரிமை உள்ளவர்கள் இந்த ஆய்வில் வேறெவரும் அகப்படவில்லை.

கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பர் 13இல். அதன்படி நாடு முழுவதையும் வெடி அகற்றி முடிக்க வேண்டிய திகதி 2028 யூன் 1. அன்று ‘முழுக்கக் கிளியராம்’ என்று யாராவது வந்து சொல்லக்கூடும். சொல்லட்டும். வாசகரிடம் ஆய்வாளர் கேட்பது இதுதான்: விறகுக்கோ பழைய இரும்புக்கோ பற்றைக்குள் போகிறவர்கள், ‘ஆம்’ போட்டு வந்த கதையை நம்பி இறங்க வேண்டாம். தடியின் நிறத்தைப் பாருங்கள். சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.